திங்களூரில் நம்பிக்கைச் சுற்று

மாலை ஐந்தரை மணிக்கு, கைகால்களை உதறி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகு, திங்களூர் கைப்பந்து அணியின் ஆறு பிள்ளைகளும் வழக்கம்போல் வரிசையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பழகினார்கள்.

"வலது கை நெஞ்சுல. தலை லேசாச் சாயணும். ரொம்பச் சாய்ச்சா நடிப்புன்னு கழிச்சிடுவாங்க," என்றாள் பயிற்சியாளர் தில்லைக்கரசி. "ம், சொல்லுங்க."

"பந்து என் விரலில் பட்டது. என் தவறு!"

"ஆறு பேர் நிக்கிறீங்க, அஞ்சு குரல்தான் கேக்குது."

எந்தக் குரல் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வரிசையின் கடைசியில் நின்ற வெயினி, தன் பதினைந்து வயதுக்குச் சற்று அதிகமான பொறுமையோடு சொன்னாள்: "பந்தை இன்னும் வெளியவே எடுக்கல மிஸ்."

திங்களூர் நிலவின் தென்முனையில், ஒரு பள்ளத்தின் அடியில் குடைந்த ஊர். ஆயிரத்து நானூறு பேர். அங்கே நீரைவிடக் காற்றுக்குக் கெடுபிடி அதிகம். இன்ன வேலைக்கு இவ்வளவு காற்று என்று காற்று வாரியம் எழுதிக் கொடுத்தால்தான் ஓர் அறைக்கு மூச்சே வரும். கைப்பந்து மண்டபம் ஊரிலேயே பெரிய அறை. எடை ஆறில் ஒன்றாகிவிட்ட இடத்தில் பிள்ளைகள் ஒரே எம்பில் மாடி உயரம் போவார்கள் என்பதால் வலையும் அந்த உயரத்தில் தொங்கியது. அவ்வளவு காற்றை வெறும் விளையாட்டுக்கு வைத்துக்கொண்டிருப்பது கீரைத் துறையின் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. 'பிள்ளைகள் விளையாடுவதற்கு' என்று வாரியத்தின் படிவத்தில் எழுத இடம் இல்லை. ஆகவே மண்டபம் 'இளைஞர் பண்பு உற்பத்தி நிலையம்' என்ற பெயரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பண்பை உற்பத்தி செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டத்தை நடத்துவது நடுவன் என்ற இயந்திரம். கோட்டில் விழுந்த பந்து, வலையை உரசிய நகம், கதவின் தாழ்ப்பாள் என்று மண்டபத்தில் அதன் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. பொய் சொல்லிப் பயனில்லை என்பதால் முப்பது ஆண்டுகளாக ஒருவரும் பொய் சொல்லவில்லை. இதை நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் பண்பு வளர்ப்புத் துறையை அறியாதவர்கள். பொய் சொல்ல வழியே இல்லாதவன் மெய் சொன்னால் அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று துறை கேட்டது. அதன் விளைவாக வந்ததுதான் நம்பிக்கைச் சுற்று. மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது நடுவனை அணைத்துவிடுவார்கள். தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து மதிப்பெண். உச்சவரம்பு நூறு. அணியின் சராசரி எண்பதுக்குக் கீழே போனால் மண்டபத்தின் காற்று கீரைக்கு.

முதல் பருவத்தில் பிள்ளைகள் செய்த தவறுகளை ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் பருவத்தில் ஒப்புக்கொள்வதற்காகத் தவறு செய்தார்கள். மூன்றாம் பருவத்தில், தவறு செய்யும் சிரமத்தையும் விட்டுவிட்டார்கள்.

வெயினி மட்டும் மூன்று பருவமாக நம்பிக்கைச் சுற்றில் ஒரு தவறும் செய்யவில்லை. எனவே அவளுடைய பண்பு மதிப்பெண் பூஜ்யம்.

மற்ற ஐவரும் ஆளுக்கு நூறு. சராசரி எண்பத்துமூன்று. அவளை நீக்கிவிட்டு வேறு பிள்ளையைப் போடலாம் என்றால் அந்த வயதில் ஊரில் இருந்ததே ஆறு பேர்தான்.

தில்லைக்கரசி அவளைத் தனியே அழைத்தாள்.

"ஏண்டி, நாக்கு தேஞ்சா போயிடும்? ஒரே ஒரு 'பட்டது'. யாருக்கு என்ன நஷ்டம்?"

"படலையே மிஸ்."

"படலன்னு எனக்குத் தெரியாதா?"

"பட்டாச் சொல்றேன் மிஸ். பட மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டும்?"

அணித்தலைவன் அதியன் தூரத்தில் இருந்தபடியே குரல் கொடுத்தான். "திமிரு மிஸ் அவளுக்கு! நானெல்லாம் நேத்துக் கனவுலகூட ரெண்டு தடவை ஒப்புக்கிட்டேன்."

"அதுக்கு மார்க்கு கிடையாதுடா, வாயை மூடு," என்றாள் தில்லைக்கரசி. பிறகு குரலைத் தணித்து, "நாளைக்கு வடகுழி கூட மேட்ச். வாரியத்துலேருந்து ஆள் வராங்க. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்," என்றாள்.

வெயினி சரி என்றாள். சும்மா இருப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆறு கதவுகளுக்கும் பட்டுப்போல் மின்னும் திரை தொங்கவிட்டிருந்தார்கள். பண்பு வளர்ப்பு இயக்குநர் பொன்னம்பலவாணன், இருபத்தொரு பிளாஸ்டிக் மாலைகள் அடங்கிய கூடையோடு மூன்றாம் கதவு வழியாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் கீரைத் துறை அதிகாரி.

முதல் இரண்டு ஆட்டங்கள் ஆளுக்கொன்றாக முடிந்தன. நடுவனை அணைத்தார்கள். நம்பிக்கைச் சுற்று தொடங்கி நாற்பது நிமிடம் ஆனபோது பலகையில் இருந்த நிலவரம்: பூஜ்யத்துக்குப் பூஜ்யம். காலை இடித்துக்கொண்டிருந்த மாலைக்கூடையை இயக்குநர் தான் வந்த கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வடகுழிப் பிள்ளைகளும் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் போட்ட பந்து ஒன்று இரண்டு முழம் தள்ளி வெளியே விழுந்தது. உடனே அதியன் நெஞ்சில் கை வைத்தான். "என் விரலில் பட்டது. என் தவறு."

"இல்லை சகோதரா," என்றாள் வடகுழியின் நெட்டைப் பெண். "அதற்கு முன்பே நான் வலையைத் தொட்டுவிட்டேன். என் தவறு."

"உங்கள் பெருந்தன்மை அது. பட்டது என் விரலில்தான்."

பார்வையாளர் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. இயக்குநர் கண்ணைத் துடைத்தபடி, "கூடவே நாலு பேர் பார்த்திருப்பார்களே, கேளுங்கள்," என்றார். இந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீள வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். புள்ளி எழுதுபவர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவளைக் கேட்டார். அங்கே நின்றது வெயினி. சும்மா இருப்பதாகத்தான் சொல்லியிருந்தாள். கேட்டால் பதில் சொல்வதில்லை என்று சொல்லவில்லை.

"யார் மேலயும் படல சார். அந்தக்கா வலையையும் தொடல. பந்து சும்மா வெளிய போச்சு. பாயின்ட்டு எங்களுக்கு."

மண்டபம் மூச்சை இழுத்துக்கொண்டது. இயக்குநரின் முகத்தில் இருந்த ஈரம் வற்றிவிட்டது. 'தன்னலம் கலந்த உண்மை' என்ற பிரிவில் இருபத்தைந்து மதிப்பெண் கழிக்கப்பட்டது. சராசரி எழுபத்தொன்பது. கீரைத் துறை அதிகாரி சட்டைப்பையில் இருந்து அளவுநாடாவை எடுத்து, வலைக்கம்பத்தில் இருந்து சுவர்வரை உத்தேசமாகக் கண்ணாலேயே அளந்தார். பத்து வருடம் கட்டிக்காத்த அறை பதின்மூன்று சொற்களில் பாத்தியாவதைத் தில்லைக்கரசி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மணி அடித்தது.

அந்த மணியின் ஓசை திங்களூரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஏதோ ஒரு கதவு சரியாகப் பொருந்தவில்லை, காற்று கசிகிறது என்று பொருள். ஊரின் மற்றக் காற்றைக் காப்பாற்றுவதற்காக, மூடியிருந்த கதவுகள் எல்லாம் தாமே பூட்டிக்கொண்டன. பூட்டாத ஒன்று, திரைக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. கதவுகளைக் கவனிக்கிற நடுவன் அணைந்து கிடந்தது. மறுபடி விழிக்க ஏழு நிமிடம் பிடிக்கும். மண்டபத்தில் ஆறு நிமிடக் காற்று இருந்தது.

மூலையில் இருந்து அடைப்பான் கிளம்பி வந்தது. முழங்கால் உயரம், ஆறு சக்கரம், கையில் பசைக்குழாய். மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதை ஐயுறாதே, பிறரைப் பற்றிச் சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள் என்று அதற்கு விதித்திருந்தது பண்பு வளர்ப்புத் துறை. அது இனிய குரலில் கேட்டது: "கதவைச் சரியாக மூடாதவர் யார்?"

அதியனின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. "முதல் கதவு. என் தவறு."

அடைப்பான் முதல் கதவுக்கு ஓடியது.

"இல்லை, ஐந்தாம் கதவு," என்றாள் வடகுழி நெட்டைப் பெண். "மூடாமல் வந்தது நான்தான்."

அடைப்பான் ஐந்தாம் கதவுக்குத் திரும்பியது. அதற்குள் இரண்டாம் கதவுக்கு ஒருவனும் ஆறாம் கதவுக்கு இரண்டு பேரும் பொறுப்பேற்றார்கள். முதல் கதவுக்குப் போட்டி வந்துவிட்டது. எஜமானர்கள் நாலு பக்கமிருந்து கூப்பிடும் நாய்க்குட்டியைப் போல அது குறுக்கும் நெடுக்கும் அலைந்தது. காது அடைத்தது. "பாருங்கள் இந்தப் பிள்ளைகளை!" என்று மூச்சு வாங்கியபடி இயக்குநர் பெருமிதப்பட்டார். "நாலாம் கதவு, நான்தான்..." என்று யாரோ சொல்வது தில்லைக்கரசிக்குக் கேட்டது. சொன்னது தானே என்பது அதற்கு அடுத்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

"மூணு!" என்று கத்தினாள் வெயினி. "மூணாம் கதவு! டைரக்டர் சார் மாலைக்கூடை மாட்டிக்கிட்டு இருக்கு. திரைக்குக் கீழ கைப்பிடி தெரியுது பாருங்க!"

"கூடையா? எந்தக் கூடை?" என்றார் இயக்குநர்.

அடைப்பான் அவள் சொன்னதை வரிசையில் பதினான்காவதாகக் குறித்துக்கொண்டு ஆறாம் கதவை நோக்கிப் போனது. வெயினி காத்திருக்கவில்லை. மூன்று எம்பில் ஆடுகளத்தைத் தாண்டி, திரையைக் கிழித்து, கூடையை ஓங்கி உதைத்தாள். இருபத்தொரு மாலைகளும் சுரங்கவழிக்குள் பறந்தன. கதவு பொருந்தியது. மணி நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு தில்லைக்கரசி பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த வெயினியிடம் போய் நின்றாள்.

"நாலாம் கதவுன்னு நான் சொன்னேனே. உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மிஸ். நீங்க ரெண்டாம் கதவு வழியாத்தான் வந்தீங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல மிஸ்."

விசாரணை ஒரு வாரம் நடந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கூடை ஊரின் குடிமக்கள் பதிவேட்டில் இல்லாத காரணத்தால் அதன்மேல் பொறுப்புச் சுமத்த இயலாது என்று அறிக்கை முடிவுகட்டியது. உயிருக்கே ஆபத்தான வேளையிலும் பதினொரு பிள்ளைகள் பழியைத் தம்மேல் ஏற்கப் போட்டியிட்டது நிலவின் வரலாற்றில் இதுவரை நிகழாதது என்பதால், உச்சவரம்பைத் தளர்த்தி ஒவ்வொருவருக்கும் ஐம்பது மதிப்பெண் கூடுதலாக வழங்கப்பட்டது. பிறர் குற்றத்தைச் சுட்டிக்காட்டிய வகையில் வெயினிக்கு இன்னொரு இருபது கழிவு. அணியின் சராசரி நூற்றுப் பதினேழரை. மண்டபத்துக்குப் பத்தாண்டுக் காற்று ஒதுக்கீடு. கீரைத் துறை வேறு அறை தேடப் போனது.

தில்லைக்கரசி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இவ்வளவு உயரத்தில் இருக்கிற சராசரி ஓர் உண்மையைத் தாங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் வெயினியின் பெயரை முதலில் எழுதினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சு முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, புது நகையைப் போல மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இயக்குநரும் மாட்டியிருந்தார். அதற்குள் இருந்து உரையாற்ற முடியாதே என்ற கவலை அவர் புருவத்தில் தெரிந்தது.

துறை புதிதாகக் 'கதவுக் காவலர்' என்றொரு பதவியை உண்டாக்கியிருந்தது. தகுதி: நூற்றைம்பது மதிப்பெண். அதியன் தோளில் பட்டைத் துணியோடு மேடையேறினான்.

"ஆறு கதவும் மூடியிருக்கு!" என்று முழங்கினான். "மூடாம இருந்தா என் தவறு!"

கைதட்டல் எழுந்தது. ஒருவரும் முகமூடியைக் கழற்றவில்லை.

அதியனின் அம்மா மெல்லத் தில்லைக்கரசியின் பக்கம் சாய்ந்தாள். முகமூடிக்குள் குரல் குழறியது. "ஏங்க மிஸ், அந்த வெயினி வந்திருக்காளா?"

"வந்திருக்கா. அதோ, ஓடிக்கிட்டு இருக்கா பாருங்க."

வெயினி உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மண்டபத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு திரையையும் கடக்கும்போது கையை உள்ளே விட்டுக் கதவை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்று, இரண்டு. மூன்றில் கொஞ்சம் நின்றாள். நாலு, ஐந்து. ஆறாவதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, முகமூடியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள்.

தில்லைக்கரசி தன்னுடையதைக் கழற்றினாள். அதியனின் அம்மா கழற்றினாள். சரசரவென்ற ஓசை பின்வரிசை வரைக்கும் போனது. பார்த்தது அவளை என்று காட்டிக்கொள்ளாமல், ஆளாளுக்கு வியர்வை துடைப்பதுபோலவும் மூக்கைச் சொறிவதுபோலவும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாக இயக்குநர் ஓரக்கண்ணால் அந்த ஆணியை ஒருமுறை பார்த்தார். தான் பார்த்ததைத் தில்லைக்கரசி பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தார். முகமூடியைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, மார்பு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.

"பெரியோர்களே," என்று தொடங்கினார், "ஒருவரை நம்பலாமா கூடாதா என்பதை அவருடைய சான்றிதழே நமக்குச் சொல்லிவிடுகிறது."