திறக்காத கண்ணாடியும் புறா ரொட்டியும்

பாந்தெலிஸ் மாமா வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கள் சந்து முழுக்க அந்த நிமிடமே தெரிந்துவிடும். அவர் கார்க் கதவைச் சாத்துவார். ‘டமார்!’ மூன்றாவது மாடியில் என் மேசைமேல் இருக்கும் காப்பிக் கோப்பை ஒரு துள்ளு துள்ளி அடங்கும்.

“அந்தக் கதவு உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணிச்சு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பழைய வண்டிங்க. ஓங்கிச் சாத்தினாத்தான் கேக்கும்” என்றார்.

பொய். அந்த வண்டி மெதுவாகச் சாத்தினாலும் கேட்கும். சொன்ன பேச்சைக் கேட்காதது அவருடைய கைதான்.

அது உயரமான, பச்சை நிற எஸ்.யூ.வி. அதன் பின்கதவுகளுக்கும் அப்பால், இரண்டு பக்கமும் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மற்றக் கண்ணாடிகளைப் போல அது இறங்காது, ஏறாது. பசையால் ஒட்டியபடி அப்படியே இருக்கும். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் கவனித்ததில்லை, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரைக்கும்.

கிரேக்க நாட்டில், எங்கள் கெர்கிரா தீவில் அந்தச் சனிக்கிழமை காலை, பதினொரு மணிக்குக் கோயில் மணிகள் அடித்ததும், எல்லோரும் பால்கனியிலிருந்து மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்போம். எல்லாம் தண்ணீர் நிரப்பிய பானைகள். சில பானைகளைத் தூக்க மூன்று பேர் வேண்டும். அதனால் அன்று பெரிய தெருவில் ஒரு வண்டிகூட நிற்காது. பாந்தெலிஸ் மாமாவும் தன் வண்டியைக் கவனமாகப் பின்பக்கச் சந்தில் நிறுத்தியிருந்தார். அங்கேதான் யாரும் பானை போடமாட்டார்களே!

அரெத்தி போட்டாள்.

இரண்டாவது மாடி அரெத்திக்குப் பத்து வயது. தனக்கென்று ஒரு பானை கேட்டு மூன்று வருடமாக அம்மாவை நச்சரித்து, இந்த வருடம்தான் வாங்கினாள். சின்னப் பானைதான். அதில் நீல நிறத்தில் ஒரு மீன்கூட வரைந்து வைத்திருந்தாள். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர்கள் பால்கனியில் சொந்தக்காரர்கள் பதினோரு பேரும், யாரென்றே தெரியாத இரண்டு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்களேன்! நானும் போடணும்!”

யாருக்கும் காதில் விழவில்லை. மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இனி மறுபடியும் ஒரு வருடம் காத்திருப்பதா? அரெத்தி பானையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை விட்டாள்.

‘பொத்!’ என்று கேட்டது. அது பானை. அதன் பின்னாலேயே ‘சலசல’ என்று இன்னொரு சத்தம் கேட்டது. அது பானை இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். தரையில் மோதித் தெறித்த ஓடு ஒன்று வண்டியின் மூலைக் கண்ணாடியில் போய் அடித்திருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. கீழே கற்கண்டு கொட்டியதுபோலத் துண்டுகள்.

 அந்த வண்டி புதன்கிழமை எங்கே போகப்போகிறது என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாந்தெலிஸ் மாமாவின் மனைவி ரினா இரண்டு மாதமாகக் கடலுக்கு அக்கரையில், யோவானினா ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர்களுடைய பெண்குழந்தை அவசரப்பட்டுச் சீக்கிரமே பிறந்துவிட்டது. பிறந்தபோது ஒரு ரொட்டி எடைதான் இருந்தது. ஞானஸ்நானம் ஆகாததால் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. எல்லோருக்கும் அது ‘பாப்பா’தான். இப்போது பாப்பா தேறிவிட்டாள். புதன்கிழமை வீட்டுக்கு வருகிறாள். குளிர்காற்று மட்டும் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாப்பாவுக்கான குட்டி இருக்கை அந்த உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் பொருத்தியிருந்தது.

அரெத்தி படிகளில் இறங்கி ஓடினாள். பாந்தெலிஸ் மாமா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். உள்ளங்கையில் நாலைந்து கண்ணாடித் துண்டுகள்.

“மாமா, அது என் பானை.”

அவர் திரும்பிப் பார்த்தார். “உன் பானையா? ஊரே முன்பக்கம் போடுது. உனக்கு மட்டும் பின்பக்கமா?”

“பால்கனில இடமே இல்ல மாமா.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் குட்டி இருக்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அரெத்திக்குத் தோன்றியது.

“அழாதடி. நீயா வந்து சொன்னல்ல? வா, மாக்கிஸைக் கூப்பிடுவோம்” என்றார்.

மாக்கிஸ் அண்ணன் கார்க் கண்ணாடி மாற்றுகிறவர். போனிலேயே பெருமூச்சு விட்டார். “அந்தப் பழைய வண்டிக்கா? புதுசா வரவழைச்சா மூணு வாரம் ஆகும். இருங்க, அக்கரையில பழைய வண்டி பிரிக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான். கேட்டுப் பாக்கறேன்.”

அந்த ஆளிடம் ஒரே ஒரு கண்ணாடி இருந்தது. அவர் ஈஸ்டர் விருந்தின் நடுவிலேயே எழுந்துபோய் அதைக் கழற்றி, துணியில் சுற்றி வைத்தாராம். செவ்வாய்க்கிழமை முதல் படகில் கண்ணாடி வந்து சேர்ந்தது.

மாக்கிஸ் அண்ணன் வேலை செய்தபோது அரெத்தி பக்கத்திலேயே நின்றாள். அவர் முதலில் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார். இடுக்கில் கிடந்த துண்டுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். விளிம்பில் இருந்த பழைய பசையைக் கத்தியால் சீவினார். துடைத்தார். பிறகு துப்பாக்கிபோல ஒன்றைப் பிடித்து, கறுப்புப் பசையைக் கேக்குக்குக் கிரீம் வைப்பதுபோல ஒரே சீராகச் சுற்றிலும் வைத்தார்.

“நான் பிடிக்கட்டுமா அண்ணா?”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. அது போதும்.”

கண்ணாடி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அது நகராமல் இருக்க மூன்று இடத்தில் நாடா ஒட்டினார். பிறகு பாந்தெலிஸ் மாமாவைப் பார்த்து விரலை ஆட்டினார்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. பசை இறுக நாளைக் காலைல ஆகும். அதுவரைக்கும் கதவை ஓங்கிச் சாத்தவே கூடாது. முன்கண்ணாடி ரெண்டையும் ரெண்டு விரல் அளவு இறக்கியே வைங்க.”

“எதுக்கு அண்ணா?” என்றாள் அரெத்தி.

“கதவை டமார்னு சாத்தினா உள்ள இருக்கற காத்து எங்க போகும்? வழி இல்லேன்னா இந்தப் புதுக் கண்ணாடியத்தான் முட்டித் தள்ளும். இது விழுந்துச்சுன்னா இன்னொண்ணு என்கிட்ட இல்ல. அவ்வளவுதான்.”

“என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க மாக்கிஸ்” என்றார் பாந்தெலிஸ் மாமா. சொல்லிவிட்டு, தன் பையை எடுக்க முன்கதவைத் திறந்தார். எடுத்தார். கை தானாகவே பின்னால் போய் ஓங்கியது.

“மாமா!” என்று மூன்று பேர் கத்தினோம். நான் மூன்றாவது மாடியிலிருந்து கத்தினேன்.

அவர் தன் கையைத் தானே வெறித்துப் பார்த்தார்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் விடியற்காலைப் படகுக்கு அவர் கிளம்பவேண்டும். அதனால் சந்தில் இருக்கிற அத்தனை பேரும் சாயங்காலத்துக்குள் பாப்பாவுக்கு ஏதாவது வண்டியில் வைக்க வருவார்கள். ஒருவர் போர்வை, ஒருவர் சூப், ஒருவர் குல்லா. எங்கள் சந்துக்காரர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் கதவை மெதுவாகச் சாத்தும் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது.

அரெத்தி ஒரு காகிதத்தில் ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்று எழுதி வண்டியில் ஒட்டினாள். முதலில் வந்த தையல்காரர் அதைப் படித்து, “எழுத்து அழகா இருக்கே!” என்று பாராட்டிவிட்டுக் கதவை ஓங்கினார். அரெத்தி பாய்ந்து பிடித்தாள்.

காகிதம் உதவாது என்று புரிந்தது. அவள் மேலே ஓடினாள். தெரு பாண்டு வாத்தியக் குழுவில் அவள் கிளாரினெட் வாசிக்கிறாள். அதன் சிவப்பு இறகு வைத்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கார் பக்கத்தில் விறைப்பாக நின்றாள்.

அடுத்து வந்தவருக்கு அவளே கதவைத் திறந்தாள். குனிந்து வணக்கம் சொன்னாள். “வைங்க. நான் சாத்திக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க.”

“அடேயப்பா! பெரிய ஓட்டல் மாதிரி இல்ல இருக்கு!” என்று அவர் பூரித்துப்போனார். அரெத்தி இரண்டு கையாலும் கதவைத் தள்ளி, ‘க்ளிக்’ என்று சாத்தினாள்.

செய்தி பரவிவிட்டது. தங்களுக்கும் யாராவது கதவைத் திறந்துவிட மாட்டார்களா என்று ஆசைப்பட்டே சிலர் வந்தார்கள். தையல்காரர் மறுபடியும் வந்தார், வெறுங்கையோடு. நானும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது.

மாலை ஆறு மணிக்கு எவந்தியா அத்தை வந்தார். அவர் ரினாவின் அக்கா. மீன் வியாபாரம் செய்கிறவர். அவர் குரல் வந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவர் வருவார்.

“வழி விடுங்க, வழி விடுங்க! என் தங்கச்சிக்குப் புறா ரொட்டி! ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சுப் பின்னினது!”

ஈஸ்டருக்கு நாங்கள் செய்யும் இனிப்பு ரொட்டி அது. சடைபோல நீளமாகப் பின்னி, ஒரு முனையில் புறாவின் தலைபோலச் சிவப்பு முட்டை ஒன்றைப் பதித்திருப்பார்கள். அத்தையின் ரொட்டி ஒரு முழம் நீளம் இருந்தது.

“இந்தா, ரெண்டு கையாலயும் பிடிடி தொப்பிக்காரி. நான் உள்ள இடம் ஒதுக்கறேன். நசுங்கிச்சுன்னா தொலைச்சுடுவேன்.”

அப்போதுதான் தூறல் விழுந்தது. “ஐயோ, பாப்பா இருக்கை நனைஞ்சிடும்!” என்று பாந்தெலிஸ் மாமா ஓடிவந்தார். முன்பக்கம் ஏறி, இரண்டு கண்ணாடிகளையும் முழுதாக ஏற்றிவிட்டார். அதற்குச் சற்று முன்புதான் எவந்தியா அத்தை தன் பக்கத்துக் கதவைச் சாத்தியிருந்தார். நல்லவேளையாக அப்போது கண்ணாடி முழுதும் ஏறியிருக்கவில்லை. மாமா வெளியே இறங்கியதும் அவர் போன் அடித்தது.

“ரினா! என்னது? டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரா? நாளைக்கு நிச்சயமா? நிச்சயமாவா?” சந்தோஷத்தில் அவர் குரல் உடைந்தது. ஒரு கையில் போன். கண்ணில் தண்ணீர். மற்றொரு கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அது கதவைப் பிடித்து ஓங்கியது.

எல்லாக் கண்ணாடியும் ஏறியிருக்கிறது. காற்றுக்கு வழியே இல்லை. அரெத்தியின் இரண்டு கையிலும் ரொட்டி. கத்தினால் அவருக்குக் கேட்காது. விரலைக் கொடுத்தால் விரல் போய்விடும்.

அரெத்தி ரொட்டியைக் கொடுத்தாள்.

‘புசுக்.’

கதவு பாதியில் நின்றது. சந்தே நின்றது. கதவின் இடுக்கில் ஒரு முழம் ரொட்டி அப்பளமாகிக் கிடந்தது.

“என் புறா!” என்று அலறினார் எவந்தியா அத்தை.

“மன்னிச்சுக்கோங்க அத்தை. கண்ணாடி... காத்து... பாப்பா...” அரெத்தி தலையால் மூலையைக் காட்டினாள்.

அத்தை மூலைக் கண்ணாடியைப் பார்த்தார். நாடா மூன்றும் அப்படியே இருந்தன. பாந்தெலிஸ் மாமாவைப் பார்த்தார். அவர் போனைக் காதில் வைத்தபடி கல்லாக நின்றிருந்தார்.

“ரினா, அப்புறம் பேசறேன்” என்று மெதுவாகச் சொன்னார். “உன் அக்கா ரொட்டி பாப்பாவைக் காப்பாத்திடுச்சு.”

 எவந்தியா அத்தை, நனைந்த கோழியாக நின்ற அரெத்தியை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர்மேல் மீன் வாசனை அடித்தது. அரெத்திக்கு அது பிடித்திருந்தது.

“நான் பின்னின ரொட்டியில்ல? கெட்டியாத்தான் இருக்கும்!” என்றார் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி.

முன்கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கி, மேலே ஒரு குடையைக் கட்டினோம். நசுங்கிய ரொட்டியை அங்கேயே பிய்த்துத் தின்றோம். முட்டைக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அது ரினாவுக்கு என்று அத்தை கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சந்தே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ‘டமார்’ கேட்டதும் இறங்கி ஓடலாம் என்று எல்லோரும் அவரவர் வீட்டில் தயாராக இருந்தோம். ஆறரை ஆனது. ஏழு ஆனது. சத்தமே இல்லை.

“படகு தாமதமோ என்னமோ” என்றார் எவந்தியா அத்தை, அடுப்பில் மூன்றாவது முறையாகச் சூப்பைச் சூடாக்கியபடி.

அரெத்தி சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பச்சை வண்டி கீழே நின்றிருந்தது.

தொப்பியைக்கூடச் சரியாகப் போடாமல் அவள் இறங்கி ஓடினாள். பாந்தெலிஸ் மாமா வண்டிக்கு வெளியே நின்று, உதட்டில் விரல் வைத்தார். அரெத்தி பின்கதவைத் திறந்து குனிந்தாள். மூலைக் கண்ணாடி வழியாக வந்த மாலை வெயிலில், மூக்குவரை குல்லா போட்ட பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ரினா அவளை மெல்லத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

பாந்தெலிஸ் மாமா கதவுக்குப் பக்கத்தில் வந்தார். வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இடக்கையின் இரண்டு விரலால் கதவைத் தள்ளினார்.

‘க்ளிக்.’

பாப்பா விழிக்கவில்லை. மூன்றாவது மாடியில் என் காப்பியும் அசையவில்லை.