ஓடைப் பக்கத்துக் கஞ்சிப்பாசி

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெப்ஸி வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்காருவாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்வாள். அந்த இடத்துக்கு யாரோ வரப்போகிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டுமே. இதுவரை யாரும் வந்ததில்லை.

சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. டீச்சரான அம்மா, மாற்றல் கிடைக்கும்வரை ஊரிலேயே இருக்கிறார். வகுப்பில் யாரும் ஜெப்ஸியோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டாலாவது நாலு வார்த்தை பேசியிருப்பார்கள்.

ஒருநாள் அதே வகுப்பில் படிக்கும் அல்போன்சா தன் தோழிகளிடம் கஞ்சிப்பாசி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடலில் செந்நிறத்தில் நூல் நூலாக வளரும் பாசி அது. காய்ச்சி வடிகட்டி, பாலும் சீனியும் சேர்த்தால் அல்வா மாதிரி உறைந்துவிடுமாம். கேட்டவர்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது. தள்ளி உட்கார்ந்திருந்த ஜெப்ஸிக்கு ஒரு யோசனை தோன்றியது.

சனிக்கிழமை அப்பாவைக் கடற்கரைக்கு இழுத்துப் போனாள். ஊர்ச் சாக்கடை ஓடை கடலில் விழும் இடத்தில் பாசி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அப்பா செல்போனைப் பார்த்தார்.

"ஏளா, இதுல அயோடின், இரும்புச்சத்து, நார்ச்சத்து எல்லாம் இருக்காம். அளவாச் சாப்பிட்டா நல்லதாம்."

எந்த இடத்துப் பாசி என்று செல்போன் கேட்கவில்லை. கடலே இல்லாத சாத்தான்குளத்துக்காரர்களுக்கோ கடல் எல்லாம் ஒரே கடல்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் காய்ச்சினார்கள். ருசி பார்க்கக்கூட ஜெப்ஸி அப்பாவுக்குத் தரவில்லை. வகுப்பில் ஒரு துண்டு குறைந்துவிடுமே!

திங்கட்கிழமை டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஷெர்லின் ஜெப்ஸியின் தோளில் கைபோட்டுக்கொண்டாள். பாலகணேஷ் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஜெப்ஸிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அல்போன்சா பெருமையாகச் சொன்னாள்: "கஞ்சிப்பாசி தண்ணியில உள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கிடும். அதான் எங்கம்மா கடலுக்குள்ள பாறை இருக்க எடத்துல போய் எடுக்கும். ஓடை விழுற பக்கம் கையே வைக்காது. அந்தப் பாசியை எவ்வளவு கழுவுனாலும் கெடுதல் போவாதாம்."

ஜெப்ஸிக்குத் திக்கென்றது. எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. சொன்னால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். பிறகு பழையபடி தண்ணீர் பாட்டில்தான் துணை.

பாலகணேஷ் ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனான்.

"திங்காதல. நான் ஓடைப் பக்கம்தான் எடுத்தேன்" என்றாள் ஜெப்ஸி.

அவன் துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டான். யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். ஜெப்ஸி எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். தயிர்சாதத்தைத் தொடாமலே டிபன் பாக்ஸை மூடினாள். அழுகையாக வந்தது.

மறுநாளும் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து சாப்பிட்டாள். முன்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. டிபன் பாக்ஸோடு அல்போன்சா!

"சனிக்கிழமை எங்கம்மா நல்ல பாசி எடுத்துட்டு வரும். நீ வந்து காய்ச்சித் தாரியா? நான் காய்ச்சுனா உறையவே மாட்டேங்கு."

ஜெப்ஸி வேகமாகத் தலையாட்டினாள்.

அல்போன்சா பாட்டிலைப் பார்த்தாள். "இங்கன யாரும் வாராங்களா?"

ஜெப்ஸி பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் எடம் போட்டிருந்தேன்."