சகினா பையில் ஆயுதம்!

"அய்யோ... செத்துட்டான்!"

நந்தனம் சிக்னலில் நின்ற பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டக்டரின் அலறல்!

சிக்னல் ஓரம் டூட்டியிலிருந்த எஸ்.ஐ. ஆரோக்கியமேரி இரண்டே தாவலில் படியேறினாள்.

நடுவழியில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். இஸ்திரி கலையாத சட்டை. நெற்றியில் எலுமிச்சம்பழ சைசுக்கு வீக்கம். மேரி அவன் மூக்கருகே விரல் வைத்தாள்.

மூச்சு இருந்தது!

பக்கத்தில் இருபது வயசுப் பெண். வெள்ளைக் கராத்தே உடுப்பு. மார்போடு அணைத்த நீளப் பை.

"நான்தான் அடிச்சேன் மேடம். பேரு சகினா. இந்தாளு ஒரு அம்மாவோட பையை அறுத்தான்."

"அந்த அம்மா எங்க?"

"சைதாப்பேட்டைலயே எறங்கிட்டாங்க. அறுத்தது அவங்களுக்கே தெரியாது. எடுத்ததைக் குடுய்யான்னேன், கழுத்தைப் புடிச்சான். ஒண்ணு வெச்சேன்!"

கீழே கிடந்தவன் கண் திறந்தான். முதலில் காக்கி தெரிந்தது. அப்புறம் சகினாவின் பை... அதில் அச்சடித்த நுன்சாகு கட்டைப் படம்.

பளிச்சென்று ஒரு யோசனை!

"மேடம், நான் ஜவஹர். சேல்ஸ் ரெப். இவ பொய் சொல்றா! நுன்சாகுவால மண்டையைப் பொளந்துட்டா. ஆயுதச் சட்டத்துல உள்ள போடுங்க!"

"பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றது பின்சீட்.

மேரி சகினாவிடம் திரும்பினாள். "பையில இன்னாம்மா கீது?"

"ரெண்டு கட்டைய சங்கிலில கோத்த நுன்சாகு. 'சாய்'னு மூணு முனை இரும்புக் கம்பி ஒரு ஜோடி, மழுங்கினது. பதினோரு மணிக்கு கிரவுண்டுல ஸ்டேட் செலக்‌ஷன் மேடம்..." குரல் உடைந்தது. "கேஸ் போட்டா என் வாழ்க்கையே பூடும்."

மணி பத்து நாற்பது!

மேரி பையைக் கையில் வாங்கினாள்.

"இதெல்லாம் வெச்சிக்கவே கூடாது மேடம்!" ஜவஹர் எகிறினான்.

"யார் சொன்னது? கூரான பிளேடு ஒம்போது இஞ்சு நீளமோ ரெண்டு இஞ்சு அகலமோ தாண்டினாத்தான் லைசென்ஸ். கட்டைக்கும் மழுங்கின இரும்புக்கும் இல்ல. போட்டிக்கு மூடி எடுத்துக்கினு போனா தப்பில்ல. வெளில எடுத்து ஒருத்தன் மண்டைய ஒடைச்சா... அது கேஸு."

"அதான் ஒடைச்சாளே!"

மேரி பையைத் திருப்பினாள். ஜிப்பை இறுக்கிய பிளாஸ்டிக் டேக், அறுபடாமல் அப்படியே இருந்தது!

"பையத் தொறக்கவே இல்லியே. அப்ப எதால அடிச்சா?"

சகினா ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது...

ட்ரிங்... ட்ரிங்!

ஜவஹரின் சட்டைக்குள் ஒரு போன் அலறியது. அவன் அசையவில்லை. வேர்த்தான்.

"எடு நைனா."

"ரா... ராங் நம்பர் மேடம்..."

மேரியே உருவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யார்யா அது? நான் புஷ்பம் பேசறேன். அது என் போனு! என் பையை அறுத்து..."

ஜவஹர் வாசலுக்குப் பாய்ந்தான்!

சகினா காலை நீட்டினாள். அவ்வளவுதான். குப்புற விழுந்தவனின் இடுப்பிலிருந்து கத்தி ஒன்று எகிறியது.

"நாலு இஞ்சுதான் மேடம்! லைசென்ஸ் தேவையில்ல!" அலறினான் ஜவஹர்.

"கத்திக்கு வேணாம். ஊரான் பையை அறுக்க எந்த ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கின?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியபடி மேரி நிமிர்ந்தாள்.

"சகினா, நீ கிரவுண்டுக்கு ஓடு. ஆனா உண்மைய சொல்லு... எதால அடிச்ச?"

சகினா தயங்கித் தயங்கி சீட்டுக்கடியில் கைவிட்டாள். வந்தது... மூலை நசுங்கிய டிபன் பாக்ஸ்!

"உள்ள இன்னா?"

"நானே சுட்ட சப்பாத்தி மேடம்."

மேரி ஒன்றை எடுத்து பஸ் கம்பியில் தட்டிப் பார்த்தாள்.

ணங்!

"எம்மா... கட்டை, இரும்பு எல்லாம் தாராளமா எடுத்துக்கினு போ. இதுக்குத்தான் லைசென்ஸ் வாங்கணும்!"