அஞ்சாவிதை

குளித்துக்கொண்டிருந்தபோது தாரணியின் விரலில் அது தட்டுப்பட்டது. இடது மார்பு இருந்த இடத்தில் இப்போது நீளமாக ஒரு தழும்புதான் உண்டு. அந்தத் தழும்பின் அக்குள் பக்க முனைக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில், ஊறாத கொண்டைக்கடலை மாதிரி ஒரு கட்டி. அழுத்தினாள். நகரவில்லை, வலிக்கவும் இல்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சட்டைப் பொத்தான் ஒன்று தளர்ந்திருப்பதைப் பார்த்து, தைக்க வேண்டும் என்று நினைப்பது போலத்தான் நினைத்தாள். பிறகு குழாயை மூடிவிட்டுத் தலையைத் துவட்டினாள்.

அன்று அவிநாசி சாலையில் நாற்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் அவளுக்கு வேலை இருந்தது. தாரணி மின்தூக்கிப் பாதுகாப்பு ஆய்வாளர். மூன்றாவது தூக்கியின் பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. தளத்துக்கு அரை விரல் கீழே இறங்கித்தான் அது நின்றது.

"ஒரு வாரம் ஓடட்டுங் மேடம். அடுத்த வாரம் மாத்திர்றோம்" என்றார் கட்டட மேலாளர்.

"மாத்தற வரைக்கும் இதுல ஒருத்தரும் ஏறப்படாதுங். குழந்தைங்க இருக்கற இடம் இது." கதவில் முத்திரை ஒட்டிவிட்டு, பிரிந்துவிடாதே என்று இருமுறை இழுத்துப் பார்த்தாள். அந்தத் தூக்கி அறுந்து விழுவதை அவள் மனம் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தது.

மற்றவர்களுக்காகப் பயப்படுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தன் உடம்புக்காக மட்டும்தான் அவளால் பயப்பட முடியாது. காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி, அரிசி அளவில், அவளுக்கு ஓர் அஞ்சாவிதை பதிக்கப்பட்டிருந்தது.

நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் நோயை விடப் பெரிய நோய் என்று மருத்துவர்கள் கண்டிருந்த காலம் அது. தாரணிக்கும் அப்படித்தான் இருந்தது. சிகிச்சை முடிந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய பிறகு, அவள் தன்னையே தடவித் தடவித் தோல் கன்றிப்போனது. முதுகில் லேசாக வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்று அழுவாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஆதிரைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே சீப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அப்போதுதான் அரசு மருத்துவமனைகளில் அஞ்சாவிதையை இலவசமாக வைக்க ஆரம்பித்தார்கள். தன் உடம்பைப் பற்றிய எண்ணம் எழும்போது மூளையில் அடிக்கும் அபாய மணியை அது தணித்துவிடும். அறிவு அப்படியே இருக்கும், நினைவும் இருக்கும். நடுக்கம் மட்டும் போய்விடும்.

வைத்த மறுநாளே தாரணி விடியும்வரை தூங்கினாள். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினாள். விதையைக் கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கணவர் கௌதமன் கொஞ்ச காலம் கழித்து, குடும்பத்தாருக்கென்று வந்த துணைவிதையை வைத்துக்கொண்டார். குறிப்பிட்ட ஒருவரின் நோயை நினைத்து வரும் பயத்தை அது தணிக்கும்.

மாதாமாதம் மருத்துவமனையிலிருந்து கைபேசிக்குக் கேள்வி வரும். கட்டி தட்டுப்பட்ட பிறகும், தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அது உண்மைதானே. ஏதேனும் மாற்றம் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள். வருடாந்திர ஸ்கேன் படமெடுப்புக்கான நாளும் வந்தது. அன்று புதுக் கட்டடம் ஒன்றில் ஆய்வு இருந்ததால் தள்ளி வைத்தாள். தள்ளி வைத்த நாளையும் ஒருமுறை தள்ளி வைத்தாள்.

கட்டியின் மேல் தோல் உள்ளிழுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அது பேச்சில் வந்தது. தன் மோட்டார் கடை வாடகை பற்றிக் கௌதமன் ஏதோ சொல்லி முடித்திருந்தார்.

"ஏனுங்க, சொல்ல மறந்தே போச்சு. தழும்புக்குக் கீழ ஒரு கட்டி இருக்குதுங்க."

"அப்படியா? போய்க் காட்டிரு. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து."

கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும் ஆதிரை தட்டிலிருந்து கையை எடுத்தாள். பெற்றவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தன நாளாம்மா இருக்குது?"

"ரெண்டு மூணு மாசம் இருக்குங் கண்ணு."

"ரெண்டு மூணு மாசமா?" அவள் குரல் உடைந்தது. "காட்டு. இங்கயே காட்டு."

அறைக்குள் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்த ஆதிரை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். தாரணி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். குழந்தை ஏன் இப்படி அழுகிறது என்று அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் ஆதிரைதான் அம்மாவை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஜமீலா கட்டியை அழுத்திப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், கழுத்தெலும்புக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தார். ஊசி போட்டுத் திசு எடுத்தார். உடம்பு முழுவதையும் படம் எடுக்கச் சொன்னார்.

"முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"வேலை இருந்துதுங் டாக்டர்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்களைக் குறை சொல்லல. இப்ப எல்லாருமே இப்படித்தான் வர்றாங்க. முன்னெல்லாம் கொசு கடிச்ச தடிப்பைக் காட்டக்கூட ஓடி வருவாங்க. நூறு பேர் சும்மா வந்தாலும் ஒருத்தரைக் காப்பாத்திருவோம். இப்ப நிம்மதியா இருக்காங்க, வர்றதே இல்ல. நாங்களும் மேல எழுதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்ப விதையை நிறுத்திர வேண்டியதுதானே டாக்டர்?" என்று கேட்டாள் ஆதிரை.

"வச்சிருக்கவங்க கேட்டாத்தாம்மா நிறுத்தலாம். பயமே இல்லாதவங்களுக்கு எதுக்கு அதை நிறுத்தணும்னு தோணும்?"

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் தாரணி வழக்கம் போல வேலைக்குப் போனாள். இரவு படுத்ததும் தூங்கினாள். ஆதிரை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். அம்மா இருமினால் ஓடி வந்து கதவருகே நின்றாள். ஒரு மாலை தாரணி வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் துணைவிதை வச்சுக்கப் போறேன். நாளன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"உனக்கு எதுக்குக் கண்ணு அது?"

"நீயும் அப்பாவும் நல்லாத் தூங்கறீங்க. நான் மட்டும் மூணு பேருக்கும் சேத்துப் பயந்துக்கிட்டு இருக்கேன். சின்னப் பிள்ளைல இருந்தே அப்படித்தான். ஒவ்வொரு தடவை நீ படம் எடுக்கப் போறப்பவும் நான் பாத்ரூம்ல போய் வாந்தி எடுப்பேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. இனி என்னால முடியாதும்மா."

தாரணி விளக்கைப் போட்டாள். மகளுக்காகப் பயப்படுவதை அவள் விதை தடுக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இது தன்னுடைய பயம், தான் பட வேண்டியது என்று தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இவளும் வைத்துக்கொண்டால் இந்த வீட்டில் பயப்பட ஆளே இருக்காது. இவள் பயந்திராவிட்டால் இந்தக் கட்டியை இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நீ வச்சுக்க சாமி" என்றாள். "ஆனா அதுக்கு முந்தி நான் போய் என்னோடதை நிறுத்திட்டு வந்தர்றேன். வீட்டுக்கு ஒருத்தராச்சும் பயப்படோணும். அது நானா இருக்கட்டும்."

நிறுத்துவது சுலபமாகத்தான் இருந்தது. டாக்டர் ஜமீலா மேசை இழுப்பறையிலிருந்து பேனா போன்ற ஒரு கோலை எடுத்துக் காதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பிடித்தார். "வேணும்னா எப்ப வேணாலும் திரும்ப இயக்கிக்கலாம். ஆனா இத்தனை வருஷம் பழக்கமில்லாததும்மா. வீட்டுல தனியா இருக்காதீங்க" என்றார். தாரணிக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. கோல் வேலை செய்ததா என்றுகூடச் சந்தேகப்பட்டாள்.

ஓட்டுநர் இல்லாத தன்னோட்டி வண்டியில் வீடு திரும்பும்போது, சிங்காநல்லூர் தாண்டியதும் அது வந்தது. முதலில் கட்டைவிரல்கள் சில்லிட்டன. வாய் உலர்ந்தது. கட்டி என்ற சொல் தலைக்குள் தானாக எழுந்தது. உடனே, இத்தனை நாள் அதைத் தொட்டுத் தொட்டுக் குளித்த ஒவ்வொரு காலையும் வரிசையாக எழுந்து வந்தது. தோல் உள்ளிழுத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பொட்டு வைத்தது, படமெடுப்பைத் தள்ளி வைத்தது, எல்லாம். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினாள். சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். பாத்ரூம்ல போய் வாந்தி எடுப்பேன் என்று ஆதிரை சொன்னது நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பிலிருந்தா? அதற்கும் முன்பிருந்தா?

அந்த நினைப்பால்தான் அவளால் மறுநாள் மகளைத் தடுக்க முடியவில்லை. வேண்டாம், என் கூடவே இரு, இதை என்னால் தனியாகத் தாங்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆதிரையின் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பைப் பார்த்தாள். பேசாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். விதை வைக்கும் அறைக்கு வெளியே, கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த ஆதிரை, "ஒண்ணுமே தெரியலம்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துது" என்றாள். அன்றிரவு வீட்டில் தாரணியைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள்.

முடிவு சொல்லும் நாளில் கௌதமனுக்குக் கடையில் சரக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆதிரைதான் உடன் வந்தாள். டாக்டர் ஜமீலா கதவைச் சாத்திவிட்டு, படத்தைத் திரையில் போட்டார்.

"திரும்பித்தான் வந்திருக்கும்மா. அது மட்டுமில்ல. முதுகெலும்புல ரெண்டு இடத்துல இருக்கு. கல்லீரல்லயும் இருக்கு. மருந்து இருக்கு, வளர விடாமப் பிடிச்சு வைக்கப் பாக்கலாம். முழுசாப் போக்கறதுக்கு வழியில்ல."

"எத்தன நாளைக்குங் டாக்டர்?"

"வருஷக் கணக்குலயும் இருக்கறவங்க இருக்காங்க. இப்பவே எதுவும் சொல்ல வேண்டாம்."

"மொதல்ல கைல பட்டப்பவே வந்திருந்தா?"

டாக்டர் திரையை அணைத்தார். "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

தாரணி அழுதாள். சத்தமில்லாமல் அழ வேண்டும் என்றுதான் பார்த்தாள், முடியவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். ஆதிரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இதமாக, பொறுமையாக, ஒரே சீராகத் தடவினாள். அந்தக் கையில் சூடு இருந்தது. நடுக்கம் இல்லை.

"டாக்டர், அம்மா பாவம். அவங்களோட விதையை மறுபடி ஆன் பண்ணிர்லாமா?" என்று கேட்டாள் ஆதிரை.

டாக்டர் தாரணியைப் பார்த்தார். "பண்ணலாம். நீங்க சொல்லுங்கம்மா."

தாரணி காதுக்குப் பின்னால் கையை வைத்து மூடிக்கொண்டாள். நிம்மதி அந்த மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கேட்டால் போதும். கேட்டுவிட்டால் நாளை மருந்துக்கு வரத் தோன்றாது, முதுகு வலித்தால் சொல்லத் தோன்றாது, மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு வாழ்க்கைதான் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

"வேண்டாங்" என்றாள். "மருந்துக்கு என்னைக்கு வரோணும்னு சொல்லுங்."

வெளியே வந்து வாசலருகே நின்றார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தாரணி மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆதிரை, நான் செத்துப்போயிருவேனோன்னு உனக்கு ஒண்ணும் தோணலையா?"

ஆதிரை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியுதும்மா. வருத்தமா இருக்குது. ஆனா… பயமா இல்ல. நீ கவலப்படாத. பாத்துக்கலாம்."

பிறகு மணி பார்த்தாள். "மத்தியானம் ஒரு லேப் இருக்குதும்மா, நிறைய லீவ் போட்டுட்டேன். வண்டி வரச் சொல்லியிருக்கேன், நேரா வீட்டுக்குப் போயிரும். நீ தனியா இருந்துக்குவியல்ல?"

"இருந்துக்குவேன் கண்ணு."

ஆதிரை அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று தாரணி நின்றாள். வளைவுக்குப் போனதும் ஆதிரை திரும்பிப் பார்த்தாள். நல்ல பிரியத்தோடு சிரித்து, கையசைத்துவிட்டுப் போனாள்.