லேகியத்துக்கு ஒரு கொலை!

டெலிபோன் அலறியபோது இன்ஸ்பெக்டர் ஒரு சட்டவிரோதமான காரியத்தில் இருந்தார்.

மனைவிக்குக் கஞ்சா லேகியம் ஊட்டிக்கொண்டிருந்தார்!

சுண்டைக்காய் அளவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எலும்புக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி கைவிரித்த பிறகு, அவளை எழுந்து உட்கார வைத்தது இதுதான்.

“போனை எடுங்க. அப்படியே சட்டையைப் பாருங்க... ரெண்டாவது பட்டனைக் காணோம்.”

அதுதான் அந்த லேகியம். வலி போகும்... புத்தி போகாது!

எடுத்தார். மறுமுனையில் அழுகை. லேகியம் தரும் வைத்தியரின் மகள்.

“சார்... அப்பாவை யாரோ கொன்னுட்டாங்க!”

இன்ஸ்பெக்டரின் கண் தன்னையறியாமல் ஜாடிக்குப் போனது.

அடியில் ஒட்டியிருந்தது நாலு நாளைக்கு வரும்.

*

மூன்று வருடத்துக்கு முன் இதே மருந்து அறையைச் சோதனை போட்டு, வைத்தியர் மேல் கஞ்சா கேஸ் போட்டவர் இன்ஸ்பெக்டர். போன வருடம் இதே அறையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே. வைத்தியர் பழசைக் கிளறவில்லை. “காலை, மாலை” என்றதோடு சரி.

அந்த மனிதர் இப்போது குப்புறக் கிடந்தார். பக்கத்தில் மருந்து இடிக்கும் இரும்பு உலக்கை. பின்மண்டையில்... வேண்டாம், நீங்கள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

“என்னம்மா காணோம்?”

“பச்சை அட்டை நோட்டு சார். லேகியம் பத்தி அப்பா அதுலதான் எழுதி வச்சிருந்தார். காய்ஞ்ச இலை டப்பாவும் இல்ல.”

“உனக்கு அதைச் செய்யத் தெரியுமா?”

கொலை விசாரணையின் முதல் கேள்வி அதுவல்ல. கேட்டவருக்கே கூசியது.

“தெரியாது சார். அடுத்த மாசம் சொல்லித் தரேன்னார்...”

“நேத்து யார் வந்தது?”

“புரொபசர் மட்டும்தான். கஞ்சா மருந்தா இருந்த கதையைப் புஸ்தகமா எழுதறாரே... அவர். ரெண்டு வருஷமா நோட்டைக் கேட்டார். அப்பா மசியல.”

வாசலில் செருப்புச் சத்தம்.

தோளில் ஜோல்னா பை, கையில் மாலை... புரொபசர்! வராவிட்டால் சந்தேகம் வரும் என்பது படித்தவருக்குத் தெரியாதா?

“எப்பேர்ப்பட்ட மனுஷன்! இந்த இலைக்கு ஒரு காலத்துல என்ன மரியாதை தெரியுமா சார்? வயித்துப்போக்கா, தூக்கம் வரலையா, வலியா... வைத்தியர் கை இதுக்குத்தான் போகும். அப்புறம் சட்டம் வந்துச்சு. மருந்து போதைப்பொருளாச்சு... வைத்தியர் குற்றவாளி ஆனார்... நீங்க...”

நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார்.

“நீங்க அந்த ஃபேனைப் பாருங்களேன்...”

“ஃபேனுக்கு என்ன?”

“காலையிலேருந்து ஓடுது... ஆனா எங்கேயும் போகல!”

சிரித்தார். பிணத்தின் தலைமாட்டில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்! அப்படியே கான்ஸ்டபிளுக்கு வைத்திருந்த பிஸ்கட் தட்டை இழுத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.

கண்கள் சிவப்பு. நகக்கண்களில் பச்சை. சட்டையில் நெய் வாசனை.

“புரொபசர்... காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“லே...”

வாயைப் பொத்தினார். லேட்!

ஜோல்னா பையைக் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டர். பேனா, மூக்குக் கண்ணாடி...

பச்சை அட்டை நோட்டு!



“பதினஞ்சு வருஷ உழைப்பு சார்!” புரொபசர் இப்போது அழுதார். “கடைசி அத்தியாயம்தான் பாக்கி. கெஞ்சினேன். அவர் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இலையைக் கழுவறார்... உலக்கை கைக்குப் பக்கத்துல இருந்துச்சு...”

“லேகியத்தை ஏன்யா நீயே தின்னே?”

“முதல் பக்கத்துலயே இருக்கே... செஞ்சவன்தான் முதல்ல சாப்பிடணும்னு! எழுதினபடியே செஞ்சேன் சார். ஏழு தடவை கழுவி, பால்ல வேகவச்சு, நெய்யில வறுத்து... ஒரு வரி விடல! அப்புறம் எப்படி எனக்குப் போதை ஏறிச்சு?”

இன்ஸ்பெக்டர் அவரைக் கவனிக்கவில்லை. நோட்டை இரண்டு கைகளாலும் மகளிடம் நீட்டினார். சாட்சிப் பொருளை அப்படி நீட்டக்கூடாது. நீட்டினார்.

“இந்தாம்மா... இனிமே நீ செஞ்சிடலாம்ல?”

அவள் பக்கங்களைப் புரட்டினாள். மூடினாள்.

“எங்க வீட்டுல எந்த மருந்தையும் முழுசா எழுத மாட்டாங்க சார். திருடறவனுக்கு உதவக்கூடாதுன்னு ஒரே ஒரு பக்குவத்தை விட்டுடுவாங்க. இதுல விட்டது, போதையை முறிக்கிற பக்குவம். அதைக் காதோடதான் சொல்லணும்...”

“சொன்னாரா?”

“அடுத்த மாசம்னார் சார்.”

நாலு நாள். காலை ஒன்று... மாலை ஒன்று. பிறகு மனைவி பட்டனைத் தேட மாட்டாள். வலியில் கத்துவாள்.

கைவிலங்கு பூட்டும்போது புரொபசர் நிமிர்ந்தார். அந்த நிலையிலும் ஆராய்ச்சி விடவில்லை.

“அப்போ அந்த விட்டுப்போன வரி... அது எங்கே சார் இருக்கு?”

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்தவரைப் பார்த்தார்.

“ஒரே ஒரு பிரதிதான் புரொபசர்... அது மேலதான் உலக்கையைப் போட்டீங்க!”