ஆமைக் கோப்பை

வாசற்படியில் கிடந்த கோப்பைச் சில்லில் ஓர் ஆமை இருந்தது. கொக்கு அல்லவா இருந்திருக்க வேண்டும்.

மயானத்திலிருந்து திரும்பிய இஸாவோ, மனைவி தோமியின் எலும்புகள் இருந்த வெள்ளைப் பெட்டியை அணைத்தபடி குனிந்து பார்த்தார். காலையில் சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் அவரே உடைத்த கோப்பை. இறந்தவர் குடித்த கோப்பையை உடைப்பார்கள். இனி இங்கே உனக்கு இடமில்லை, திரும்பி வராதே என்று மரியாதையாகச் சொல்லும் முறை. தம்பதிக் கோப்பைகள் அவை. அவளுடைய சின்னதில் ஆயிரம் வருஷம் வாழும் கொக்கு. அவருடைய பெரியதில் பத்தாயிரம் வருஷம் வாழும் ஆமை. குயவர் தாராளமாகத்தான் வரைந்திருந்தார். தோமிக்குக் கிடைத்தது அறுபத்திரண்டு.

"அண்ணே, உன் கோப்பையையே போட்டு உடைச்சிருக்கே," என்றாள் தங்கை கிமியே. "நாப்பது வருஷமா அதுலதானே டீ குடிச்சே? கண்ணை எங்க வச்சிருந்தே?"

"கைக்கு வந்ததை உடைச்சேன்."

"அண்ணி இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பெட்டியைக் குடு. உள்ள வந்து அவங்க கோப்பையையும் உடைச்சிடு, சரியாப் போயிடும்."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறியதும் வாசல் விளக்கு தானாக எரிந்தது. கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

இஸாவோ படியேறினார். விளக்கு எரியவில்லை. பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நனைந்த தேவதாருவின் வாசனையும் ஊதுவத்திப் புகையும் உள்ளே யாரோ வறுத்த தேயிலையில் வெந்நீர் ஊற்றும் மணமும் ஒன்றாகக் கலந்து வர, கதவைத் தட்டினார். சத்தம் வரவில்லை. கை மட்டும் மரத்தில் பட்டது.

மீண்டும் தட்டினார். பிறகு குத்தினார்.

உள்ளே கிமியேயின் குரல். "கொஞ்சமாவது குடிங்க. மூணு நாளா பட்டினி."

யாரிடம்?

"அண்ணன் இருந்திருந்தா உங்களைத் திட்டியிருப்பாரு, அண்ணி."

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே போக வேண்டும், கொக்கை உடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. கிமியே அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். சாவுத் தீட்டுக் கழிய, கைப்பிடி உப்பை அள்ளி வாசலில் வீசினாள். அவர் உதட்டில் ஒட்டியது.

கரிக்கவில்லை.

கிமியே உள்ளே போனாள். அவள் நின்ற இடத்துக்குத் தோமி வந்தாள். கறுப்புக் கிமோனோ. கையில் உடையாத கொக்குக் கோப்பை. சிவந்த கண்கள். அவள் மட்டும் அவரை நேராகப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினாள்.