புரட்டிப் போட்ட சாக்குகள்

நிரோஷாவின் மனதில் காலையில் ஒரு கேள்வி முளைத்தால், மாலைக்குள் அது பத்தாகிவிடும். அதற்குப் பயந்துதான் அம்மா மல்லிகா விடிந்ததும் விடியாததுமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்கு ஓடுகிறாரோ என்றுகூடத் தோன்றும்.

அன்றைய கேள்வி, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் குப்பையைப் பற்றியது.

“ஏம்மா, ரெண்டாம் லயத்துக் குப்பைய டிராக்டர் எடுத்துக்கிட்டுப் போவுது. நம்ம மூணாம் லயத்துக் குப்பைய மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்குது?”

“எளக்காரந்தான், வேறென்ன?” என்றபடி அம்மா கிளம்பிவிட்டார்.

இரண்டு மாதமாக இதே கதைதான். பிரதேச சபைக்கு எத்தனையோ மனு எழுதிய பிறகு, செவ்வாயும் வெள்ளியும் டிராக்டர் வரத் தொடங்கியிருந்தது. காய்கறித் தோலை எல்லாரும் தோட்டத்துக் குழியில் போட்டார்கள். போத்தல், பிஸ்கட் உறை, யோகட் கோப்பை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, வேலைக்குப் போகும்போது மடுவத்து வாசலில் வைத்தார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். பாதை அங்கேயே முடிந்துவிடும்.

மாலையில் வந்து பார்த்தால், சாக்குகள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பக்கத்து வீட்டு ஐயாவு மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருநாள் தன் சாக்கை லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் கொட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொட்டத் தொடங்கினார்கள்.

அந்தக் கானைப் பார்த்தாலே நிரோஷாவுக்குப் பயம். போன வருடம் தம்பி கிருஷ்ணகுமாருக்கு டெங்கு வந்து, அவன் ஆறு நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருந்தான். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் அவள் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது கானில் கிடந்த யோகட் கோப்பைகளில் மழைத் தண்ணீர் தேங்கி, டெங்கைப் பரப்பும் நுளம்புகளின் புழுக்கள் நெளிந்தன.

டிராக்டர் வரும் நேரத்தில் பெரியவர்கள் மலையில் இருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். என்ன நடக்கிறது என்று யாருமே பார்த்ததில்லை. இப்போது பள்ளிக்கூடம் லீவு. செவ்வாய்க்கிழமை நிரோஷா மடுவத்துத் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு டிராக்டர் வந்தது. கபூர் என்ற ஊழியர் கீழே குதித்தார். சாக்குகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், திரும்பி ஏறப் போனார்.

“மாமா, நில்லுங்க! குப்பைய எடுக்காம போறீங்களே?”

“குப்பையா? எங்க மகள்?”

“இதோ, இதுதான்!”

“இது கொழுந்து சாக்கு. தோட்டத்துப் பேர் செவப்பு மையில அடிச்சிருக்குதே!”

நிரோஷா திரும்பிப் பார்த்தாள். லொறிக்காகக் காத்திருந்த கொழுந்து மூட்டைகள் ஒரு பக்கம். குப்பை மூட்டைகள் மறுபக்கம். இரண்டும் ஒரே மாதிரிச் சாக்குகள்தான். இரண்டாம் லயத்தில் குப்பையைப் பாதையோர வீட்டு வாசலிலேயே எடுப்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. பழைய கொழுந்து சாக்கு சும்மா கிடைக்கும்போது லயத்தில் யார் வேறு சாக்கு வாங்குவார்கள்?

“எது எதுன்னு எங்களுக்குத் தெரியும், மாமா.”

“உங்களுக்குத் தெரியும். எனக்கு? வேற தோட்டத்துல ஒருநாள் தெரியாம கொழுந்து சாக்க ஏத்திட்டேன். அந்தத் தோட்டத்துத் தொரை எங்கட ஒபிசுக்கே வந்து கத்தினாரு. சூடு கண்ட பூனை நான்! நீங்க குப்பையே தாறல்லண்டுதான் நாங்க நெனச்சோம்.”

நிரோஷாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர்கள் எடுப்பதில்லை என்று இவர்களும், இவர்கள் கொடுப்பதில்லை என்று அவர்களும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டார்களே!

கபூர் சாக்குகளை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

“இதெல்லாம் எங்க போகும், மாமா?”

“யார்டுல பிரிப்போம். போத்தல நசுக்கி அனுப்பினா, உருக்கி, வீடு கூட்டுற தும்புத்தடிக்கு நார் செய்வாங்க.”

“போத்தல் தும்புத்தடியாகுமா!” நிரோஷாவின் கண்கள் விரிந்தன.

“ஆகும். ஆனா மகள், ஒண்ணு கேளு. இங்க குப்பையே இல்லண்டு எழுதிட்டோம். வெள்ளிக்கிழமை எங்கட மேலதிகாரி ஆனந்தராசா ஐயா பாக்க வாறாரு. அவருக்கும் இது கொழுந்து சாக்காத் தெரிஞ்சா, டிராக்டர் இனி இந்தப் பக்கம் வராது. ஒவ்வொரு சாக்கா அவுத்துப் பாக்க எங்களுக்கு நேரம் இல்ல. நீயும் ஸ்கூலுக்குப் போயிருவாய். தூரத்துல பாத்தாலே குப்பைண்டு தெரியணும்.”

டிராக்டர் போய்விட்டது. நிரோஷா அடுப்புக் கரியால் ஒரு சாக்கில் ‘குப்பை’ என்று பெரிதாக எழுதினாள். மாலை மழையில் அந்த எழுத்து கரைந்து ஓடியது. ரிப்பன் கட்டலாம் என்றால், அத்தனை ரிப்பனுக்கு எங்கே போவது?

புதன்கிழமை காலையில் அம்மா தம்பியைப் பிடித்து நிறுத்தினார். “இன்னைக்கும் சட்டையப் பொரட்டிப் போட்டிருக்கியேடா! பை எங்கடா?”

“உள்ள இருக்கும்மா,” என்றான் கிருஷ்ணகுமார் அமைதியாக.

நிரோஷா துள்ளிக் குதித்தாள். “அம்மா! சாக்கையும் பொரட்டினா, பேரு உள்ள போயிரும்!”

அன்றும் மறுநாளும் அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

“குப்பைக்கும் சட்ட மாட்டி விடணுமா?” என்று கேட்டுச் சிரித்த இருளாயி அத்தை, சிரித்துக்கொண்டே சாக்கைப் புரட்டினார்.

ஐயாவு மாமா மட்டும் மசியவில்லை. “எப்படி வச்சாலும் எடுக்க மாட்டானுங்க.”

“எடுக்கலன்னா உங்க சாக்க நானே திருப்பித் தூக்கிட்டு வாறேன், மாமா. இந்த ஒரு தடவ கானுல கொட்டாதீங்க. தம்பிக்குத் திரும்பவும் டெங்கு வந்துருமோன்னு பயமா இருக்கு.”

மாமா சாக்கைப் புரட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை மடுவத்து வாசலில் பதினொரு புரட்டிய சாக்குகள் நின்றன. கபூர் இறங்கினார். ஒரு சாக்கையும் அவிழ்க்கவில்லை. மளமளவென்று பதினொன்றையும் தூக்கிப் போட்டார். கொழுந்து மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி போட்ட ஆனந்தராசா ஐயா இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஆற்ற யோசனை இது?”

“இந்த மகள்ட,” என்றார் கபூர்.

“மற்றத் தோட்டங்களுக்கும் சொல்ல வேணும்,” என்ற ஐயா, கொப்பியில் எழுதியதை உரக்க வாசித்தார். “மூண்டாம் லயம். செவ்வாய், வெள்ளி. கட்டாயம் வரவேணும்.”

மாலையில் மலையிலிருந்து வந்தவர்கள் வெறும் வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஐயாவு மாமா வீட்டுக்குள் போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு கான் பக்கம் நடந்தார். பின்னாலேயே இருளாயி அத்தையும் போனார். கானில் கிடந்த கோப்பைகளைப் பொறுக்க நிரோஷாவும் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் கிருஷ்ணகுமார் வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக எட்டிப் பார்த்தான். நாள் முழுவதும் அவன் வெளியே வரவே இல்லை. இன்று அவனுடைய சட்டை நேராக இருந்தது. கழுத்து வரை பொத்தானும் போட்டிருந்தான்.

“அட, அதிசயமா இருக்கே! யாருடா ஒழுங்காப் போட்டு விட்டது?” என்று கேட்டார் அம்மா.

“நானேதான்,” என்ற கிருஷ்ணகுமார், பாதையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

“டிராக்டர் போயிருச்சுதானேம்மா? பொரட்டிப் போட்டிருந்தா, கபூர் மாமா என்னையும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாருல்ல?”